முக்கால் லீற்றர்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
ஒன்பதே முக்காலுக்கு அவர் தண்ணீர் குடிக்கத் தொடங்குவார்.
முக்கால் லீற்றர். ஒரு மிடறும் குறையக்கூடாது.
பேரன் விட்டுப்போன போத்தல்,
டைனோசரின் பாதி உரிந்துவிட்டது.
குடித்து முடித்து
உள்ளே கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும்.
அவர் சுவரைப் பார்ப்பார்.
நான் அவர் முழங்காலைப் பார்ப்பேன்,
அது ஆடத் தொடங்கினால் மணி பத்தரை.

முதல் நாள் கவுண்டரில் பெயர் கேட்டார்கள்.
அவர் கழிவறையில்.
நாற்பத்தொரு வருசம் ‘இஞ்சாருங்கோ’ என்றே கூப்பிட்ட வாய்
குலவீரசிங்கம் என்றது,
களவெடுத்துப் பிடிபட்ட மாதிரி.
எழுத்துக் கூட்டச் சொன்னாள் அந்தப் பிள்ளை.
கூட்டினேன்.
பாதியில் எனக்கே வழி தவறியது.

கதிர் குறி தப்பாதிருக்க
மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள்.
இடுப்புக்கு இரண்டு, தொப்புளுக்குக் கீழே ஒன்று.
மகள் தோளில் ஒரு குருவி குத்திக்கொண்டு வந்தபோது
ஆறு மாதம் அவளோடு கதைக்காத மனிசன்.
போனில் சொன்னேன்.
சிரித்தாள்.
பிறகு கனநேரம் சத்தமில்லை.

ஊசி போட்ட மூன்றாம் கிழமை,
யூலை இரவு, வெளியே நாலு பாகை.
எழும்பி யன்னலைத் திறந்துவிட்டு
பெனியனைக் கழற்றி எறிந்தார்.
“நெஞ்சுக்குள்ளாலை நெருப்பு ஏறுதப்பா.”

எனக்குத் தெரியாத நெருப்பா?
அது என்னில் ஏறிய வருசங்களில்
“ஃபானை நிப்பாட்டு, குளிருது” என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்.
சொல்லிக்காட்ட நாக்கு நுனிவரை வந்தது.
துவாயை நனைத்துப் பிழிந்து
பிடரியில் வைத்தேன்.
பிறகு இரண்டு போர்வைக்குள் போய்ச் சுருண்டேன்.
இருட்டுக்குள் சொன்னார்:
“உனக்கும் இப்பிடித்தானே இருந்தது.”
கேள்வியோ, மன்னிப்போ,
விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

கோயிலில் ‘முதுகு நோ’ என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
நோயின் பேரில் வெட்கமில்லை,
அது வந்த இடத்தில்தான்.
கடையில் அந்தப் பொதியை எடுக்கிற நேரம் பார்த்து
திருச்செல்வி அக்கா தள்ளுவண்டியோடு வந்தாள்.
செலரிக் கட்டொன்றை மேலே போட்டு மூடினேன்.
எங்கள் வீட்டில் ஒருவரும் செலரி தின்பதில்லை.

இளம் டாக்டர்
மேசைமேல் பேனையை உருட்டிக்கொண்டு
அதைப் பற்றியும் சொன்னார்.
கொஞ்சக் காலத்துக்கு இருக்காதாம்.
ஒருவேளை எப்போதைக்குமாம்.
இவர் கலண்டரில் இருந்த பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
காருக்குள் பெல்ட் போட்ட பிறகு கேட்டார்:
“உனக்கு வருத்தமோ?”
“பார்க்கிங் டிக்கெட்டை எங்கை வச்சனீங்கள்?” என்றேன்.
அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.
நானே கைவிட்டு எடுத்தேன்.
எடுத்த பிறகும்
கையை உடனே எடுக்கவில்லை.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.
லைசென்ஸ் பதினெட்டு வருசம்
காப்புப் பெட்டிக்குள் கிடந்தது.
பக்கத்துச் சீற்றில்
இல்லாத பிரேக்கை மிதிக்கிறது அவர் கால்.
“லேன் மாறாதை, லேன் மாறாதை.”
வெஸ்ட்மீட்டிலிருந்து மவுண்ட் ட்ரூயிட் வரை
எந்தப் பெட்ரோல் நிலையத்தில்
திறப்புக் கேட்காமல் உள்ளே விடுவார்கள் என்று
எனக்குப் பாடம்.

முப்பத்தொன்பதாம் நாள்
முடித்தவர்கள் அடிக்கிற மணி சுவரில் தொங்கியது.
தாதி கையால் காட்டினாள்.
இவர் அதைக் கடந்து நேரே கழிவறைக்கு ஓடினார்.
நான் வாசலில்
வெறும் போத்தலோடு நின்றேன்.

மூன்று மாதம் கழித்து இரத்தம் எடுப்பார்கள்.
ஒரு எண் வரும்.

எம்-ஃபோரில் ஒரு லொறி முன்னால் ஊர்ந்தது.
கண்ணாடியைப் பார்த்தேன், சிக்னல் போட்டேன்,
லேன் மாறினேன்.
அவர் கால் அசையவில்லை.
நித்திரையோ என்று திரும்பிப் பார்த்தேன்.
முழித்துக்கொண்டுதான் இருந்தார்.