பார் தாண்டியாச்சு

அஸ்டோரியாவில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
பெய்யாத நாளைத்தான் சொல்வார்கள்.

கொலம்பியா ஆறு பசிபிக்கில் போய் முட்டும் இடத்தில்
நீருக்கடியில் ஒரு மணல்முதுகு.
அதன் பெயர் பார்.
எத்தனை கப்பலைத் தின்றது என்று கேட்டால்
ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்வதில்லை,
கப்பல்களின் பெயரைச் சொல்கிறார்கள்.

அந்தப் பாரைத் தாண்டிக் கப்பலை உள்ளே கொண்டுவருவது
ரெய்னோ கல்லுங்கியின் வேலை.
பாரைத் துடைப்பது
மனைவி வெல்மாவின் வேலை.
பதினெட்டு அடி ஓக் பலகை,
முழங்கைகள் தேய்த்துத் தேய்த்து
நடுவில் லேசாகக் குழிந்தது.
'பாரில் சம்பாதிப்பான், பாரிலேயே விடுவான்' என்று
கல்யாணத்தன்று யாரோ சொன்ன நகைச்சுவையை
முப்பது வருடமாக அவளிடம்
புதிதுபோலச் சொல்கிறார்கள்.

நான் நங்கூரத்தில் கிடக்கும் கோதுமைக் கப்பலின்
மூன்றாம் இஞ்சினியர்.
பதினோரு நாளாக எனக்கு இந்த முக்காலிதான் கரை.

மகள் ஹில்யா சேலத்தில் இருக்கிறாள்.
மாம்பழச் சேலம் இல்லை, ஓரிகன் சேலம்.
சட்டம் படித்துவிட்டுப் பார் பரீட்சையில்
இரண்டு தடவை தோற்றவள்.
என்றோ ஒரு நீதிமன்றத்தில்
குறுக்கே கிடந்த மரக்கட்டைதானாம் அந்தப் பார்.
கட்டை போய்விட்டது, தாண்டுவது மட்டும் பாக்கி.
மூன்றாம் தடவையின் முடிவு இன்று.

டிவியில் வானிலைப் பெண்:
தொள்ளாயிரத்து எண்பத்தைந்து மில்லிபார்,
இன்னும் இறங்குகிறது.
எதிரே லுத்தரன் கோயிலில் பாடகர் ஒத்திகை.
'பதினேழாம் பாரிலிருந்து மறுபடி' என்ற குரல்
ஐந்தாவது முறையாக
மழையோடு உள்ளே வருகிறது.
வெல்மாவின் போனில் ஒரே ஒரு பார்.
நாங்கள் அதைக் கட்டை என்போம்.
எங்கள் கட்டையும் லேசுப்பட்டதில்லை,
சுருதிக்கும் அதுதான், சிதைக்கும் அதுதான்.

எட்டு பத்துக்குச் செய்தி வந்தது.
தெரியாத எண்.
பார் தாண்டியாச்சு.
அவ்வளவுதான்.

ரெய்னோவின் போன் வருடத்துக்கு இரண்டு கடலுக்குள் போகும்,
ஏணியில் ஏறும்போது.
பிறகு எந்தக் கப்பலோ அந்தக் கேப்டனிடம் இரவல்.
ஹில்யாவின் போனில் சார்ஜ் இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

'யார்?' என்று அனுப்பினாள்.
போகவில்லை.
இருந்த ஒரு பாரும் போய்விட்டது.

போன் கைமாறிக் கைமாறி
பலகையின் கடைசிவரை போனது.
நண்டு பிடிக்கும் ஆர்வோ கண்ணாடி மாட்டிப் படித்தான்.
'முற்றுப்புள்ளி இருக்கு.
கடல்காரன் புள்ளி வைக்க மாட்டான்.
இது வக்கீல்.'
எல்லோரும் கைதட்டினார்கள்.
வெல்மா தட்டவில்லை.
'அவன் வைப்பான்,' என்றாள்,
'பயந்த அன்னிக்கு மட்டும்.'

இரண்டு கிளாஸ் எடுத்தாள்.
ஒன்றை நிரப்பினாள்.
மற்றதைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்,
கவிழ்த்து வைத்தாள்.

என் மொழியிலும் இது ஒரு சொல் என்று
அவளிடம் சொல்ல நினைத்தேன்:
உலகத்துக்கு அதுதான் பெயர்.
முத்து குளிக்கும் கடலில்
சிப்பி விளையும் அடிமேட்டுக்கும் அதே பெயர்.
சொல்லவில்லை.
அகராதி கேட்கிற முகமில்லை அது.

பலகை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.
ஈரத்துணி அதன்மேல்
ஒரே இடத்தில் போய்ப்போய் வந்தது.

அப்போதுதான் ஜன்னலில் கண்டேன்.
மூடுபனிக்குள் உயரத்தில் ஒரு வெள்ளை,
அதன் கீழே சிவப்பும் பச்சையும்
இரண்டும் சேர்ந்தே தெரிந்தன.
எங்களை நோக்கித்தான் வருகிறது ஏதோ ஒன்று.

வாயில் வந்தது தமிழ்தான்.
'பார்' என்றேன்.

எந்தப் பார் என்று கேட்காமல்
திரும்பிப் பார்த்தாள் வெல்மா.
துணி கையிலிருந்து சொட்டியது.

கவிழ்த்த கிளாஸை நிமிர்த்தினாள்.
ஊற்றவில்லை இன்னும்.
எதிரே பதினேழாம் பாரை
மறுபடி ஆரம்பித்தார்கள்.