செவ்வாய்க்கிழமைக்குள் பதினோரு வருடம்

தபால்காரன் பதினோரு வருடம் நடந்தவன்
என்கிறது திரைக்கதை, நாற்பத்தோராம் பக்கத்தில்.
பை நேற்றுத்தான் தைக்கப்பட்டது,
அவித்த உருளைக்கிழங்கின் நிறத்தில்.
ஒன்றல்ல, மூன்று:
கேமரா நெருங்கி வரும்போது ஒன்று,
ஆற்றில் விழ ஒன்று,
விழுந்தது திரும்பாவிட்டால் ஒன்று.
"மூன்றுக்கும் ஒரே கடந்தகாலம் வேணும்"
என்று போனாள் போகுமிவா,
பாதி தின்ற சாண்ட்விச்சை என் மேசையில் மறந்துவிட்டு.

வூச் நகரத்தில், மூடிய நூற்பாலையின் மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் பனி,
திறக்காவிட்டால் ஸ்பிரிட் வாடையில் தலைவலி.
திறக்கிறேன்.

முதலில் துடைக்கவேண்டும்.
விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் ஏறாது,
என் கட்டைவிரல் ஒரு வெள்ளைத் தீவாக நின்றுவிடும்.
பிறகு ஈரப் பஞ்சு.
ஈரம் காய்வதற்குள் தேன்நிறச் சாயம்,
நான்கு மடங்கு நீர்த்தது,
வட்ட வட்டமாக, கை ஓயாமல்.
நின்றால் கறை. நகர்ந்தால் நிழல்.
பதினைந்து வருடமாக இதைச் சொல்கிறேன்,
ஒவ்வொரு பையிலும் ஒருமுறை நின்றுவிடுகிறேன்.

கருமை விளிம்பிலிருந்து உள்ளே வரவேண்டும்,
அழைக்காத விருந்தாளி கூடத்துக்குள் வருவதுபோல.
கம்பளித் துண்டைத் தோய்த்து,
செய்தித்தாளில் முக்கால்வாசியை ஒற்றிவிட்டு,
மிச்சத்தால் மட்டும்.
தையலோரத்தில் துருநீர்:
வினிகரில் ஆணிகள் ஊறும் ஊறுகாய் ஜாடி.
தொட்ட நிமிடம் ஒன்றும் தெரியாது.
தேநீர் முடிவதற்குள் கறுத்திருக்கும்.

இனி யோசனை.
அவன் மூடியை எந்த விரலால் தூக்குவான்?
அங்கே உப்புத்தாள்.
மழையில் கதவைத் தட்டும்போது பையை எங்கே வைப்பான்?
படியில். ஆக அடிமூலைகள்.
வலது தோளில் மாட்டி நடந்தால்
ஒவ்வொரு கேட்டிலும் உரசும் முன்விளிம்பு;
காலுறைக்குள் சாவிக்கொத்தைப் போட்டு அங்கே அடித்தேன்.
நாய் வளர்க்கும் வீடு ஒன்று இருந்தே தீரும்.
பின்மூலையில் இரண்டு பல்,
ஆணியால்.
மூன்று பைகளிலும், அளவுகோல் வைத்து,
அதே நாய், அதே ஆத்திரம்.

மூன்றாவது பை வயிற்றுத் தோல்.
குடித்தது, குடித்தது, இன்னும் கேட்டது.
மாட்டுக்கால் எண்ணெய் தடவி விடிந்து பார்த்தால்
மற்ற இரண்டைவிட நான்கு வருடம் மூத்திருந்தது.

செவ்வாய். படப்பிடிப்பு.
ஜெமோவித் பையை எடுத்தான்,
இடது தோளில் மாட்டினான்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
துரத்திவந்த நாய் இப்போது
எதிரே வந்து கடித்திருக்கிறது.
பதினோரு வருடக் கேட்டுகள் எல்லாம்
அவன் முதுகுக்குப் பின்னால் உரசியிருக்கின்றன.
வயதை ஏற்றலாம்.
இறக்குவதற்கு என் அலமாரியில் புட்டி இல்லை.

அவன் அந்தத் துளைகளில் விரல் வைத்து
"நாயா?" என்றான்.
"ஆமாம். பின்னாலிருந்து."
கொஞ்ச நேரம் பையையே பார்த்தான்.
பிறகு வலது தோளுக்கு மாற்றினான்.

பழகாத தோள். பட்டை வழுகாமலிருக்க
அதை ஒரு விரற்கடை உயர்த்தியபடி நடந்தான்.
பச்சைக் கேட்டைத் தாண்டும்போது மட்டும்
லேசாகத் திரும்பிப் பார்த்தான்.
அங்கே நாய் எதுவும் இல்லை.
இயக்குநர் "அடுத்தது" என்றார், அவ்வளவுதான்.

ஆற்றில் விழுந்த பை திரும்பி வந்துவிட்டது.
மூத்த பையை யாரும் கேட்கவில்லை.
டிராமில், சந்தையில், நான்தான் மாட்டித் திரிகிறேன்,
இடது தோளில்.
மார்ச் மாதத்தில் பட்டையின் உட்புறம்
ஒரு நிறம் தென்பட்டது.
வால்நட் இரண்டு சொட்டு, செங்காவி ஒன்று,
ஸ்பிரிட் கூட்டி, குறைத்து,
ஞாயிறு முழுவதும் கலந்து பார்த்தேன்.
பக்கத்தில் வந்தது. அதுவாக இல்லை.

ஒருநாள் பையில் பீட்ரூட் சாறு ஒழுகியது,
அதனாலும் இருக்கலாம்.