வயிறு திரும்புதல்

இங்கே எல்லாமே வயிற்றில்தான் நடக்கிறது.
துக்கம் என்றால் வயிறு கனக்கிறது என்பார்கள்.
சமாதானம் என்றால் வயிறு லேசாகிவிட்டது.
எனக்கு இது புதிதில்லை,
பயந்தால் புளி கரைகிற வயிறு எங்களுடையது.
பப்புவா மலைக்கு வந்த முதல் ஞாயிறு
மனந்திரும்புங்கள் என்று ஏசடியான் பிரசங்கித்ததை
மொழிபெயர்த்த பையன்
தானிம் பெல் என்றான்.
வயிற்றைத் திருப்புங்கள்.
பின்வரிசையில் ஒரு பன்றிக்குட்டி தும்மியது.

பதினாறு மாதம் கழித்து
எனக்கு பெல் இருக்கிறது.
கர்ப்பத்துக்கும் அதே சொல்தான்.
காபிக்கொட்டை காய்கிற வாடைக்கு நான் குமட்டியதை வைத்து
தோட்டத்துப் பெண்கள் என்னைவிட முந்திக் கண்டுபிடித்தார்கள்.

உன் ஊர் எது என்று கேட்டார்கள்.
நாசரேத், என்றேன் யோசிக்காமல்.
சாக்கில் கொட்டை அள்ளிய கைகள் அப்படியே நின்றன.
அந்த நாசரேத் இல்லை,
திருச்செந்தூர் போகிற ரயில் நிற்கும் நாசரேத்,
ஒன்றும் எடுபடவில்லை.
வீட்டுக்காரர் தச்சரா?
இல்லை, குருவானவர். ஜெனரேட்டரும் பார்ப்பார்.
கோயில் பெஞ்சு எல்லாம் அவர் அடித்ததுதானே?
அதை மறுக்க முடியவில்லை.
அன்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை.
மறுவாரம் கிழக்குப் பள்ளத்தாக்கிலிருந்து
மூன்று கிழவர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள்.
கொண்டுவந்தது சர்க்கரைவள்ளி.
சிரித்துச் சிரித்து
உள்ளே கிடந்தது உதைத்தது.

மிஷன் வீட்டுக்குப் பின்னால், சவுக்கு மரங்களடியில்
நாலு சின்னச் சிலுவைகள்.
ஜெர்மன் எழுத்து, பாசி.
ஒருத்தி ஒன்பது நாள் இருந்திருக்கிறாள்.
ஒன்றில் பெயரே இல்லை, தேதி மட்டும்.
விடியற்கால ஜெபத்துக்கு அதுதான் குறுக்குவழி.
நான் சுற்றிப் போகிறேன்.
கர்த்தருக்குத் தெரியும். ஏசடியானுக்குத் தெரியாது.

முப்பத்தைந்தாம் வாரம்
ஹாகனிலிருந்து வந்த நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு
பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்றாள்.
தலை என் நெஞ்சடியில்.
அடுத்த விமானத்தில் கிளம்பிவிடு.
விமானம் செவ்வாய்க்கிழமை வரும்.
செவ்வாய்க்கிழமை மேகம் வந்தது.
அதற்கடுத்த செவ்வாயும் மேகம்தான்,
ஓடுபாதைப் புல்லில் ஆடுகள் படுத்திருந்தன.
ஏசடியான் உபவாசம் இருந்தார்.
நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்,
மூன்று பேருக்கு.

அன்று ராத்திரி கூப்பிடாமலே வந்தாள் யாலிமே.
ஆறு பெற்று நாலைத் தங்கவைத்தவள்.
இரண்டாம் தாரம் என்பதால்
ஞானஸ்நானம் கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டவள்.
ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்றே
முழுப் பிரசங்கமும் கேட்பாள்,
காணிக்கைப் பை வரும்போது போய்விடுவாள்.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
பன்றிக் கொழுப்பை அடுப்பில் காட்டி
இரு கையிலும் பூசிக்கொண்டாள்.
ஒரு கை தலையில், ஒரு கை பிட்டத்தில்,
மூடிய சாக்குக்குள் ஒரு பூனையை
அதற்குத் தெரியாமல் நகர்த்துகிற மாதிரி.
நின்றாள். காத்திருந்தாள். மறுபடி.
வலித்தது, கத்தவில்லை என்று சொல்ல மாட்டேன்.
ஏசடியான் டார்ச் பிடித்திருந்தார்,
வெளிச்சம் கூரைக்கும் தரைக்கும் ஆடியது.
அதட்டி நேராகப் பிடிக்கச் சொன்னாள்.
பிடித்தார்.

பிறகு, ஆற்றுக்கடியில் ஒரு பாறை புரண்டதுபோல
எனக்குள் ஒரு பெரிய மெதுவான அசைவு.
யாலிமே கையைப் புல்லில் துடைத்துவிட்டு
மழை வரும் என்று போய்விட்டாள்.
வந்தது.

வருகிற ஞாயிறு திருவிருந்து.
எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்,
ஹாகனிலிருந்து வரும் ரொட்டி எப்போதும் பற்றாது.
நாற்பத்தொன்று, என்றார்.
இன்னும் ஒன்று, என்றேன்.
என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்.
அதற்கு இல்லை, என்றேன்.

சிரிப்பு நின்றது.
பென்சிலைக் கீழே வைக்கவில்லை,
இன்னும் எழுதவுமில்லை.