விலக்குப் பட்டியல்

பட்டியலை எழுதியது நான்தான்.
நோட்டீஸின் பின்பக்கம், மை கசியும் பேனா.
டாக்டர்களே தேவலாம் என்பாள் ஜெசிந்தா
என் கையெழுத்தைப் பார்த்து.

சேலத்தில் அன்று பந்தலுக்கு அனுமதி இல்லை.
நாட்டாண்மைக் கழகக் கட்டடத்துக்கு எதிரே
குடை விரித்து உட்கார்ந்தோம்.
பிரசவ அறை, விலக்கு.
பச்சிளங்குழந்தைப் பிரிவு, விலக்கு.
டயாலிசிஸ் என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல்:
"எல்லாத்தையும் விலக்கிட்டா
எதைத்தான் நிறுத்தறது?"

நியாயமான கேள்வி.
பதினோரு மாதம் ஒப்பந்தம், ஒரு நாள் இடைவெளி,
மறுபடி பதினோரு மாதம்.
அந்த ஒரு நாள் நாங்கள் யாருடைய ஆட்கள் என்று
எந்த ஆணையிலும் இல்லை.
கேட்டவள் பூவிழி. மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
தட்டுவடை செட்டில் பாதியை நீட்டினேன்.
வாங்கவில்லை.

எனக்கோ செவ்வாய்க்கிழமை கண்ணில் நின்றது.
மஞ்சக்குட்டையிலிருந்து முதல் பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
வந்து சேரும் வெள்ளையன்.
மிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்த கையில்
இப்போது ஃபிஸ்டுலா.
"உள்ள பூனை உறுமுது, தொட்டுப் பாரு சிஸ்டர்."
வீட்டு டம்ளரில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறார்,
அதற்கு மேல் தண்ணீர் கூடாது.
செவ்வாய் தவறினால்
வெள்ளிக்குள் படுக்க முடியாது,
உட்கார்ந்தே மூச்சு விடவேண்டும்.

எழுதினேன்: டயாலிசிஸ், ஷிஃப்டுக்கு மூன்று பேர்.
பூவிழி பேனாவைப் பிடுங்கினாள்.
அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.
தன் பெயரை எழுதிவிட்டு,
"இந்த வெயிலுக்கு ஏசி வார்டு மேல்" என்றாள்.

செவ்வாய்.
கறுப்புப் பட்டை குத்திய மூன்று பேர்
வெள்ளையன் கட்டிலைச் சுற்றி.
ஒருத்தி எடை பார்க்க, ஒருத்தி ஊசி ஏற்ற,
ஒருத்திக்கு அவர் காபித் தோட்டத்துக் காட்டெருமைக் கதையை
முழுசாகக் கேட்கும் அளவுக்கு நேரம்.
"இன்னிக்கு என்ன இத்தனை பேரு?"
"ஸ்ட்ரைக்குங்க."
மெஷின் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மற்ற நாளில் ஏழு மெஷினுக்கு ஒருத்தி,
சிக்கன நடவடிக்கை.
"அப்ப தெனமும் பண்ணுங்களேன்" என்றார்.
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பேச்சுவார்த்தை முடிந்தது.
கொஞ்சம் கிடைத்தது, மீதிக்குக் கமிட்டி.
பூவிழிக்கு ஒரு மாதப் பாக்கி வந்தது.
அடுத்த செவ்வாய் வார்டுக்குள் நுழைந்தேன்.
பலகையில் புது ரோஸ்டர்.
ஏழு மெஷின், ஒரு பெயர்.
அச்சடித்தது.
தெளிவாகப் படிக்க முடிந்தது.