மணல் தூவுகிறவர்கள்

குளிருக்கு ஒரு கணக்கு உண்டு.
அதற்குக் கீழே இறங்கிவிட்டால்
சாலையில் உப்புப் போட்டுப் பயனில்லை.
பனிக்கட்டி கரையாது.
கெமியார்வி பணிமனையில் இதை
முதல் நாளே சொல்லித்தந்துவிடுவார்கள்.

மற்றதை யாரும் சொல்லித்தரவில்லை.

டிசம்பர். பகல் என்பது இங்கே
கருநீலம் கொஞ்ச நேரம் வெளுத்துப் பார்த்து
மனம் மாறித் திரும்பிப் போவது.
தைஸ்தோ தன் துளைப்பானை,
ஏரிப்பனியில் ஓட்டை போட்டு மீன்பிடிக்கும் அந்த நீளத் திருகை,
என் வண்டிப் படியில் சாத்திவைத்தான்.
"உனக்குத்தான், கெர்த்து. எனக்கு இனி வேண்டாம்."
நன்றி என்றேன்.
நல்ல துளைப்பான். புது அலகு.
இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது:
ஏரி இப்போதுதான் ஆளைத் தாங்கத் தொடங்கியிருக்கிறது.
இந்த வாரம் பார்த்து எவனாவது இதைக் கொடுப்பானா?

காப்பி மேசையில் வாய்விட்டுச் சொன்னேன்.
ஆர்வி, தனக்கு ஸ்பானர் பெட்டி கிடைத்ததென்றான்.
கோடை விடுப்புத் தாளை அவன்
திருப்பி வாங்கிக்கொண்டதாக ரவ்னி சொன்னாள்.
குறுக்கே வரும் பனிமான்களை அவன்
வயர்லெஸ்ஸில் திட்டி எத்தனை நாளாயிற்று?
யாருக்கும் நினைவில்லை.
ஆளுக்கொரு துண்டு எங்கள் சட்டைப்பையில் இருந்தது.
சேர்த்துவைத்துப் பார்க்க ஒரு மேசை வேண்டியிருந்தது.

கடைசி அலமாரியில் எய்னோவின் பெயர்ச்சீட்டு
ஏழு வருடமாய் உரிக்கப்படாமல் இருக்கிறது.
அவனிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டால் அந்த நினைப்பை
நாமே விதைத்துவிடுவோமோ என்று
வானிலை பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு தைஸ்தோவின் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.
நாக்கு மரக்கட்டை.
"செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?"
அந்தச் சொல்லைச் சுற்றிவளைக்காமல் சொல்ல
எனக்கு ஐம்பத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

வைப்பர் மூன்று தரம் போய்வந்தது.
எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதைச்
சில சமயம் உள்மூச்சில் சொல்வோம்,
காற்றை வெளியே விடவும் மனமில்லாதவர்கள்போல.
அப்படித்தான் சொன்னான்.
இழுத்த மூச்சு
வெளியே வர நேரமாயிற்று.
வந்தபோது கூடவே நிறைய வந்தது.

அதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன். அது அவனுடையது.
பிள்ளைகளை நினைத்துப் பார் என்று
நுனிநாக்குவரை வந்ததை விழுங்கினேன்.
மிஞ்சியது இவ்வளவுதான்:
"இன்னிக்கு உன்னைத் தனியா விடமாட்டேன்."

அவன் சரி என்ற பிறகு ரவ்னியை அழைத்தோம்.
பதினோரு வருடமாய் நாற்காலியில் இருந்தவள்
அவன் தடத்தை நானே ஓட்டுகிறேன் என்று கிளம்பி
இரண்டு தபால்பெட்டிகளைப் பெயர்த்தாள்.
நாங்கள் பனி வழிக்கும் பலகையைத் தூக்கி நிறுத்திக்கொண்டு
அந்தப் பதினாறு டன் வண்டியிலேயே
மருத்துவமனை வாசலில் போய் நின்றோம்.
ஆரஞ்சுச் சட்டைகளோடு நான்கு மணி நேரம்.
எந்திரக் காப்பி மட்டம் என்றான்.
அந்தப் புகார் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது!

மார்ச்சில் அரைநேர வேலைக்குத் திரும்பினான்.
நன்றாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன்.
ஆர்வி ஒரு வார்த்தை பேசாமல்
ஸ்பானர் பெட்டியை அவன் இருக்கையில் வைத்தான்.
புதன்கிழமைதோறும் அதே கேள்வியைக் கேட்கிறேன்.
எரிச்சல்படுவான். "இன்னிக்கு இல்ல."
ஒரு புதன்கிழமை "கொஞ்சம்" என்றான்;
காப்பி ஆறட்டும் என்று விட்டுவிட்டுச்
செவிலிக்கு இருவருமாகப் போன் போட்டோம்.

உப்பு தோற்கும் குளிரில் நாங்கள் மணல் தூவுகிறோம்.
மணல் எதையும் கரைப்பதில்லை.
டயர் பற்றிக்கொள்ள ஏதோ கிடைக்கிறது, அவ்வளவுதான்.
மறுபடி பனி விழும்.
மறுபடி போவோம்.

துளைப்பான் என் கொட்டகையில் இருக்கிறது.
இன்னும் அவன் கேட்கவில்லை.
அலகுக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.