இடம் மாறிய சாளை

முட்டம் துறைமுகத்தில் ஏலக்கணக்கு எழுதுகிறேன்.
பதினோரு மணிக்குமேல் கூட்டம் கலைந்துவிடும்.
தார்ப்பாயின் கீழே உப்புத்தண்ணியும் செதிலும்
நானும் மிச்சம்.

அந்தக் காக்கைக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை.
நைலான் நூல் அறுத்திருக்கும்.
ஒரு சாளையைக் கொத்தி எடுத்து
கிழிந்த மடிவலைக்குள் திணித்து
மேலே ஒரு சிப்பியை இழுத்துப் போட்டது.
விளக்குக்கம்பத்தில் இன்னொரு காக்கை,
பார்த்துக்கொண்டு,
பார்க்காததுபோல.

அது பறந்து போனதும்
விரல் இல்லாதது திரும்பி வந்தது.
சாளையை உருவி எடுத்து
டீசல் கேனுக்குப் பின்னால் மணலில் புதைத்தது.
யாரும் பார்க்காதபோது ஒளித்ததை
அது ஒருநாளும் இடம் மாற்றியதில்லை.
நாலு மாசமாக
ஏலச்சீட்டின் பின்பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஐஸ் பிளாண்ட் தாசையனிடம் சொன்னேன்.
"அது பழக்கம், பெர்னதெத்தே.
ஒரு தடவ களவு போயிருக்கும், அதான் மாத்துது.
அடுத்தவனுக்க மனசு காக்காக்கு எங்க தெரியும்?
உனக்க மனசத் தூக்கி அதுக்க தலையில வச்சிட்டு
அது சுமக்குதுண்ணு நீயே சொல்லுத."

இருக்கலாம்.
ஆனால் தாசையா,
கடலுக்குப் போய் வந்த மரியநேசன்
சோற்றுத்தட்டை நகர்த்துகிற சத்தத்தில்தான்
இன்றைக்குப் பேசலாமா கூடாதா என்று அறிகிறேன்.
இருபத்திரண்டு வருஷம்.
அவர் மண்டைக்குள் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.
அதுவும் பழக்கம்தானா?
காக்கையிடம் மட்டும் ஏன் சாட்சி கேட்கிறாய்?

தாசையன் பாளம் உடைக்கப் போய்விட்டான்.
அவனுக்கும் என் மனசு தெரியும்,
இந்தப் பேச்சு மத்தியானம்வரை நீளும் என்று.

நேற்று சீட்டுப்பணம் கிடைத்தது.
மரியநேசன் அறியாத பணம்.
கணக்குநோட்டின் அட்டைக்குள் செருகும்போது
டீசல் கேன்மேல் அது இருந்தது.
ஒரு கண் என்மேல்,
மற்ற கண் கடலில்.

சிரிப்புதான் வந்தது.
காக்கைக்கு ரூபாய் எதற்கு?
இருந்தும் கை நோட்டைவிட்டு நகரவில்லை.
அதுவும் கேனைவிட்டு நகரவில்லை.
வெயில் ஏறிற்று.
ஏதோ ஒரு வள்ளத்தின் எஞ்சின் இருமி நின்றது.

கடைசியில் நான்தான் முதுகைத் திருப்பினேன்,
விழுந்த பேனாவைத் தேடுகிறவள்போல.
பேனா என் கொண்டையில் இருந்தது.
இறக்கைச் சத்தம் கேட்டது.
சட்டென்று பணத்தை உருவி
தராசுக்கு அடியில் வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால்
கேனுக்குப் பின்னால்
மணல் புதிதாய்க் கிளறிக் கிடக்கிறது.
சாளையைக் காணவில்லை.