இடது சுண்டுவிரல்

சுங்கான்கடை தாண்டி
வேளிமலை கால் நீட்டிப் படுத்திருக்கும் இடத்தில்
கல்யாண மண்டபமாக எழும்பி
பங்காளி வழக்கில் பாதியில் நின்ற கட்டிடம்தான்
எங்கள் மேலாண்மைக் கல்லூரி.
சனி மாலை, ஞாயிறு முழுநாள்.
வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் என்று
பலகையில் போட்டிருக்கிறது.

மணமேடையில் புரொஜெக்டர்.
பந்திக் கூடத்தில் நூலகம்,
அதன் ஓரமாக இன்னும்
பதினெட்டு கைகழுவும் குழாய்கள்.
ஜன்னலுக்கு வெளியே மட்டி வாழைத் தோப்பு;
மழை பெய்தால் சார் பேசுவது கேட்காது.

நான் ராணித்தோட்டம் டெப்போவில் நேரக் காப்பாளர்.
எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது,
பதினாறு வருஷமாக நான் எழுதியதெல்லாம் இதுதான்.
முப்பந்தலில் காற்றாலைக்குள் ஏறி இறங்கும் சிவதாணு
முதல் வரிசையில் உட்கார்ந்த பத்தாம் நிமிடம் தூங்குவான்.
எண்பது மீட்டர் ஏணி.
யாரும் எழுப்புவதில்லை.
குளச்சல் ஐஸ் பிளான்ட் அபுதாகிர்
மீன் வாடைக்குப் பயந்து அத்தர் பூசி வருவார்,
இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று மணக்கும்.

வினோலியா வருவது குலசேகரத்திலிருந்து.
அண்டியாபீஸில் சூப்பர்வைசர்.
அதற்கு முன் பதினோரு வருஷம்
அங்கேயே தரையிலிருந்து தோடு உடைத்தவள்.

நிலைமாலை தொங்கியிருக்க வேண்டிய வாசலில்
வருகைப் பதிவு இயந்திரம்.
எல்லாரும் பெருவிரல் வைத்து உள்ளே போவோம்.
அவள் வைத்தால்
மீண்டும் முயற்சிக்கவும் என்கும்.
பந்திக் குழாயில் கழுவி,
சேலைத் தலைப்பில் துடைத்து,
மீண்டும்.
மீண்டும் முயற்சிக்கவும்.

அண்டிப் பால் தின்ற விரல்.
அதில் ரேகை ஏது?

“மெஷின் எடுக்கல்லியே, நான் என்ன செய்யேன்”
என்றாள் ஆபீஸ் பிள்ளை.
எழுபத்தைந்து சதவீதம் வேண்டும்,
வினோலியாவுக்கு அறுபத்தொன்று.
குறைவுக்கு அபராதம் நாலாயிரத்து ஐநூறு.
ஒரு வகுப்பும் விட்டதில்லை அவள்.
குறிப்பு நோட்டை நாங்கள்தான்
அவளிடம் வாங்கிப் பார்த்து எழுதுகிறோம்.

அன்று பாடம், அமிழ்ந்த செலவு.
திரும்பி வராத பணத்தை நினைத்து
அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்றார் அனிஷ் சார்.
எங்களில் பாதிப் பேருக்குத் தம்பி வயது அவருக்கு.
“நாலு செமஸ்டர் பீசும் அதிலதான் சேருமா சார்?”
என்று கேட்டாள் வினோலியா.
சிரிப்பில் சிவதாணு முழித்துவிட்டான்.
முழித்தவன் விஷயம் என்னவென்று கேட்டு
“பத்து விரலையும் வச்சுப் பாத்தாச்சா?” என்றான்.

இடைவேளையில் கூட்டமாகப் போனோம்.
வலது கை ஐந்தும் இல்லை.
இடது பெருவிரல் இல்லை, ஆள்காட்டி இல்லை,
நடு இல்லை, மோதிரம் இல்லை.
சுண்டுவிரல்.

தேங்க் யூ
என்றது இயந்திரம், பெண் குரலில்.

அபுதாகிர் கை தட்டினார்.
வினோலியா அந்த விரலைத் தூக்கிப் பிடித்து
ஒட்டாத உறவுக்காரியைப் போலப் பார்த்தாள்.
“இடது கையால அண்டியப் பிடிக்கும்போ
இது மட்டும் மாறி நிக்கும்.
ஒரு வேலையும் செய்யாத்தது.
இதத்தான் எடுக்கு பாத்தியளா.”

பழைய அறுபத்தொன்றை மாற்ற முடியாதாம்.
அபராதம் அபராதம்தான்.

வகுப்பு விடுவது ஒன்பதரைக்கு.
குலசேகரம் கடைசி வண்டி
கலுங்கைத் தாண்டுவது ஒன்பது இருபத்தெட்டு.
மேசைக்கு அடியில் போனை வைத்து
கண்டக்டர் டைட்டஸைக் கூப்பிட்டேன்,
இதற்கு முந்தைய சனிகளைப் போலவே.
“ஓய், ஒரு நாலு நிமிசம்.”
ஓடிப் போய் ஏறினாள்.
அந்த வண்டி எப்போதும் பிந்தித்தான் வரும் என்று
அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

திங்கள் காலை பதிவேட்டில் எழுதினேன்.
தாமதம் நாலு நிமிடம்.
காரணம், வில்லுக்குறியில் பாறைக்கல் லாரி.
பேனா கசிந்து பெருவிரலில் மை.
ஒரு வரி அழியாமல்
அத்தனையும் தெரிந்தது.